ஒன்பதாவது கட்டை

ஆஸ்பத்திரியின் ஆறாம் நம்பர் அறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் அது உயிரோடிருந்தது. மற்றபடி பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் விநாடிக்காரர். கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றின் முனையில் ஸ்டாப் வாட்ச். சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

அந்த அறையில் மனுஷர்களுடைய மண்டையை அளப்பார்கள். டேப் வைத்து அல்ல. ஒரு மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, ஓரத்தில் விநாடிக்காரருக்கு ஒரு ஸ்டூல், பூட்டு போட்ட இரும்பு பீரோ. பீரோவுக்குள் பெட்டி பெட்டியாகச் சோதனைகள். கேள்வி கேட்பதும் மார்க் போடுவதும் உளவியல் படித்த மேடத்தின் வேலை. பென்சில் சீவுவது, பெட்டியைத் திறந்து சாமான்களை எண்ணி வைப்பது, வாட்சை அமுக்குவது, விநாடியைச் சொல்வது இவருடைய வேலை. மேடம்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பெட்டியும் இவரும் மாறவில்லை. புதுப் பெட்டி கேட்டு எழுதிய காகிதம் எந்த மேஜையில் தூங்குகிறதோ, பெட்டி வந்தபாடில்லை. குழந்தைக்கும் அதே பெட்டி, கிழவருக்கும் அதே பெட்டி.

வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. மை கொட்டி மடித்துப் பிரித்தது போன்ற அட்டைகளைக் காட்டி, இதில் என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். ஒருவருக்கு வௌவால் தெரியும், இன்னொருவருக்கு மாமியார் தெரிவாள். ஒரு லாரி டிரைவர் மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மை கொட்டிருக்கு சார், பாத்து வெச்சிருக்கக் கூடாதா?" என்றார். தான் கேட்ட ஒரே புத்திசாலித்தனமான பதில் அதுதான் என்று விநாடிக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். குணத்தை அளக்க ஒரு தடிப் புத்தகம், அதில் ஐந்நூறு வரி, ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று டிக் போட வேண்டும். 'நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை' என்கிற வரிக்குப் பாதிப் பேர் கூசாமல் 'சரி' போட்டுவிட்டுப் போவார்கள்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது கட்டைப் பெட்டி. உள்ளே ஒன்பது சதுரக் கட்டைகள். சில பக்கம் சிவப்பு, சில பக்கம் வெள்ளை, சில பக்கம் குறுக்கே பாதிப் பாதி. படத்தில் இருப்பதுபோல ஒன்பதையும் சேர்த்து அடுக்க வேண்டும். பத்துப் படம். ஆள் பெட்டிக்குள் கை விடுகிற தினுசைப் பார்த்தே விநாடிக்காரர் மனசுக்குள் ஐ.க்யூ. இவ்வளவு என்று ஓர் எண்ணைப் போட்டுவிடுவார். பயிற்சிக்கு வரும் மாணவிகள் டீ பந்தயம் கட்டுவார்கள், தோற்பார்கள். "உங்களுக்கு ஒன்றரை மணி நேரம், எனக்கு ஒன்றரை நிமிஷம்" என்று பீற்றிக்கொள்வார். கொஞ்சம் தலைக்கனம்தான். அது அவருக்கு இருந்த ஒரே சொத்து, இருந்துவிட்டுப் போகட்டும்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்று பழமொழி சொன்னவன் எவனோ, அவனை விநாடிக்காரர் வாழ்நாள் முழுக்கத் திட்டினார். அவருக்கு ஒரே பெண். எல்லோரும் பாப்பா என்று கூப்பிட்டார்கள், அந்தப் பெயர் அவளுக்கு முப்பத்தோரு வயதான பிறகும் மாறவில்லை. நான்கு வயதுவரை பேச்சு வரவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் அவள் கரண்டியைத் தேடிக் கை நீட்டியதைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் மனசு வழக்கம்போல எண்ணைச் சொல்லிவிட்டது: நாற்பத்து மூன்று. எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வாசலில் நின்றார். மனைவியிடம் சொல்லவில்லை.

மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். "எழுபதுக்கு மேல இருக்குன்னு ஆஸ்பத்திரி சர்டிபிகேட் கொண்டாங்க, சேத்துக்கறோம்" என்றார்கள். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வாட்ச் புடிக்கறீங்களே, நம்ம பிள்ளைக்கு என்ன செய்யப் போறீங்க?"

மறுநாள் விநாடிக்காரர் சாப்பாட்டுப் பையில் ஒரு பெட்டியை வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்பே பெயின்ட் உரிந்துவிட்டதென்று பீரோவின் அடித்தட்டில் ஒதுக்கிப் போட்ட பழைய கட்டைப் பெட்டி. சோதனைச் சாமான் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் அது பரீட்சைக்கு முன்னால் கேள்வித்தாளைத் திருடுவதற்குச் சமம். பயிற்சி மாணவிகளுக்கு இதை மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. பொன் என்று சர்டிபிகேட் வாங்க வேண்டுமே.

இரண்டு வருடம் அடுக்கினார்கள். வேலை முடிந்து வந்ததும் கட்டைகளைப் பாயில் கொட்டுவார். அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு இது சிவப்பு, இது வெள்ளை, இது இங்கே, அது அங்கே என்று நகர்த்துவார். முதல் படம் வர நான்கு மாதமாயிற்று. அவள் யோசித்து அடுக்கவில்லை, விரல்கள் வழியைப் பழகிக்கொண்டன. சரியாக வந்ததும் 'டிக்'கென்று வாட்சை அமுக்கி, "சபாஷ்!" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எத்தனை தடவை வேண்டுமானாலும் கலைத்து அடுக்குவாள். எண்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையைத் தாலாட்டாக்கி, தோளில் போட்டுக்கொண்டு பாடினார். கேள்விகளுக்குப் பதிலும் மனப்பாடம். 'தெருவில் யாருடைய பையாவது கிடந்தால் என்ன செய்வாய்?' 'போலீஸ்காரர்கிட்ட குடுப்பேன்.' பக்கத்து வீட்டுக்காரி காய்கறிப் பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போன சமயம், பாப்பா அதைத் தூக்கிக்கொண்டு போய் நாற்சந்தியில் நின்ற போலீஸ்காரரிடம் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பாடு தாமதம். தெருவே சிரித்தது, விநாடிக்காரரும் சிரித்தார்.

ஏழு வயதில் அப்போதைய மேடம் சோதித்தார். எழுபத்து நாலு. மனைவி அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் மூன்று வருடம் நடந்தது. நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும், படித்தாள் என்று சொல்ல முடியாது. பாப்பாவுக்கு ஒரு எழுத்தும் ஏறவில்லை. டீச்சருக்குக் கோபம். "எழுபத்து நாலு இருக்குல்ல, அப்பறம் படிக்கறதுக்கு என்ன? வேணும்னே செய்றா. கொழுப்பு" என்று வெயிலில் நிறுத்தினாள். புத்தி இல்லாத பிள்ளை என்று தெரிந்திருந்தால் அந்த டீச்சரும் இரக்கப்பட்டிருப்பாள். புத்தி இருக்கிறது என்று சர்டிபிகேட் கொடுத்தாயிற்றே. யாராவது குரலை உயர்த்தினால் இரண்டு காதையும் பொத்திக்கொள்ளும் பழக்கம் பாப்பாவுக்கு அங்கேதான் வந்தது. ஒருநாள் காது மடல் கிழிந்து வந்தாள். அதோடு நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் நின்றது, எழுபத்து நாலு ஆஸ்பத்திரிக் கோப்பில் நிற்காமல் உட்கார்ந்திருந்தது.

பாப்பாவுக்குப் பத்தொன்பது வயதில் அவள் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். விநாடிக்காரரின் தங்கை அடுத்த தெருவில் இருந்தாள். பாப்பாவைக் குளிப்பாட்டுவது, தலை வாருவது, மாதத்தில் அந்த நாட்களில் கூட இருப்பது எல்லாம் அவள்தான். மாலையில் அண்ணன் வந்தால் அவள் கிளம்பிவிடுவாள். பாப்பா பாயில் கட்டைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பாள். பத்துப் படம், பத்து டிக், பத்து சபாஷ். பிறகுதான் சாப்பாடு. சோதனை என்பதெல்லாம் எப்போதோ மறந்துபோய், அப்பாவும் பெண்ணும் பேசிக்கொள்ளும் பாஷையாக அது ஆகிவிட்டிருந்தது.

ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது இரண்டு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நெஞ்சுவலியென்று அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே காட்டியதில், ரத்தக் குழாயில் மூன்று அடைப்பு. "ஆபரேஷன் தாங்க மாட்டீங்க. மாத்திரையில ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்றார் டாக்டர். எத்தனை நாள் ஓடும் என்று இவர் கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் தங்கை வந்து கதவருகிலேயே நின்றாள்.

"அண்ணா, பையன் டிக்கெட் போட்டுட்டான். மருமகளுக்கு மாசம் நெருங்குது. நான் போகலைன்னா நல்லா இருக்காது."

"போயிட்டு வா."

"வர மாட்டேண்ணா. அங்கயேதான் இருக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஊருக்கு வெளியே இப்படிப்பட்ட பெண்களுக்கென்று ஒரு காப்பகம் இருந்தது. கடைசிவரை வைத்துக்கொள்வார்கள். விநாடிக்காரர் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். வரிசையாகக் கட்டில், மடித்து வைத்த போர்வை, தாழ்வாரத்தில் நாலைந்து பெண்கள் பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா கேட்காமலே உட்கார்ந்து தானும் பிரிக்கத் தொடங்கினாள். விநாடிக்காரருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது, இந்தத் தடவை அடைப்பினால் அல்ல. ஒரு கட்டில் காலி. பத்து நாள் அவருக்காகப் பிடித்து வைப்பதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு விதி: ஐ.க்யூ. ஐம்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். கோப்பில் எழுபத்து நாலு இருப்பதால் புதிதாகச் சோதித்துச் சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும்.

அவருக்குக் கவலையில்லை. நாற்பத்து மூன்று என்று அவருக்குத் தெரியுமே. ஒருநாளும் தப்பாத எண் அல்லவா அது?

இப்போதைய மேடம் பயிற்சிக்கு வந்த காலத்தில் அவரிடம் வாட்ச் பிடிக்கக் கற்றுக்கொண்டவள். நேர்மையானவள், அந்த விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. "உங்க பொண்ணுங்கறதால ஒரு எண்ணும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா அறையில் இல்லாமல் பாப்பா உட்காரமாட்டாள் என்பதால் விநாடிக்காரர் வழக்கமான ஸ்டூலிலேயே இருந்தார்.

கூட்டல் கேட்டதற்குப் பாப்பா சிரித்தாள். சொல்லுக்கு அர்த்தம் கேட்டதற்கு ஜன்னலைப் பார்த்தாள். விநாடிக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு மேடம் கட்டைப் பெட்டியைத் திறந்தாள். பாப்பாவின் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுக்கத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தும் விழுந்தன. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் திணறுகிற கடைசிப் படத்தைப் பதினாறு விநாடியில் முடித்தாள். எண்களைத் தாலாட்டு ராகத்தில் முன்னும் பின்னும் பாடினாள். பை கிடந்தால் போலீஸ்காரரிடம் கொடுப்பேன் என்றாள். விநாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறார், இருபத்தாறு வருடம் தினமும் மாலை தவறாமல் வைத்துக்கொண்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அறுபத்தொன்று வந்தது.

காப்பகத்துக்குப் போன் செய்தார். எடுத்தவர் மனதாரச் சந்தோஷப்பட்டார். "அறுபத்தொண்ணா? கெட்டிக்காரப் பொண்ணாச்சே சார்! வீட்லயே சமாளிச்சுக்கலாமே. இங்க இருக்கறதுங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

போனை வைத்துவிட்டு மேடத்தின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். பழைய பெட்டி, சாப்பாட்டுப் பை, தாலாட்டு. மேடம் பீரோவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பீரோ சாவியை எங்கிட்டகூட நம்பித் தராதவர் நீங்க."

"ஆமா மேடம்."

"இதை நான் எழுதணும்னா, சோதனை செல்லாதுன்னுதான் எழுத முடியும். செல்லாத சோதனைக்கு எண் கிடையாது. எண் இல்லாம அவங்க சேக்க மாட்டாங்க."

"வேற பெட்டி?"

"இந்த ஊர்ல எல்லா ஆஸ்பத்திரியிலயும் இதே பெட்டிதான். உங்களுக்குத் தெரியாததா?"

விநாடிக்காரர் போகாமல் நின்றார். மேடம் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"திங்கக்கிழமை இன்னொரு தடவை உக்கார வைக்கறேன். அவளாவே கட்டையில தப்பு விட்டா, விட்டதை எழுதுவேன். கட்டை போனாலே அம்பதுக்குக் கீழ இறங்கிடும். நீங்க ஒண்ணும் சொல்லலை, நான் ஒண்ணும் கேக்கலை."

மூன்று நாள் இருந்தது. கற்றுக்கொடுக்க இரண்டு வருடம் ஆனதை மறக்கடிக்க மூன்று நாள்.

வெள்ளிக்கிழமை மாலை பாயில் உட்கார்ந்து, "பாப்பா, இன்னைக்குத் தப்பா அடுக்கலாமா?" என்றார். அவள் சிரித்துவிட்டுச் சரியாக அடுக்கினாள். அவர் ஒரு கட்டையைத் திருப்பி வைத்தார். அவள் அதை மறுபடி திருப்பிவிட்டு, "சபாஷ்?" என்றாள். அவர் சொல்லவில்லை. மறுபடி கலைத்து அடுக்கினாள், இன்னும் வேகமாக. "சபாஷ்?" பதினைந்து தடவை நடந்திருக்கும். விநாடிக்காரருக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ, "தப்பா வைடி!" என்று கத்திவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவை. பாப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு இருவருமே சாப்பிடவில்லை.

சனிக்கிழமை அவருக்கு ஒரு வழி தோன்றியது. எட்டுக் கட்டைகளை அடுக்கியதும் ஒன்பதாவதை அவள் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"இது அப்பாவுக்கு. அப்பாவுக்கு ஒண்ணு வேணும்ல? குடுத்துடாம பத்திரமா கையில வெச்சிக்கோ."

அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அப்பா அவளிடம் எதையும் இதுவரை கேட்டதில்லை. "அப்பாவுக்கு ஒண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முஷ்டியை மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்டை விழுந்த படத்தைப் பார்த்து விநாடிக்காரர் "சபாஷ்" என்றார். ஞாயிறு பகல் முழுவதும் அடுக்கினார்கள். பத்துப் படத்திலும் ஓர் ஓட்டை. பாப்பா ஒரு தடவைகூடப் பிசகவில்லை. இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டாளே என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது, பிறகு தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை ஆறாம் நம்பர் அறையில் மூன்று பேர். மேடம் படத்தை வைத்தாள், விநாடிக்காரர் வாட்சை அமுக்கினார். பாப்பா எட்டுக் கட்டையை அடுக்கிவிட்டு ஒன்பதாவதைக் கைக்குள் இறுக மூடிக்கொண்டாள். மேடம் முஷ்டியைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் நேரம் முடியும்வரை காத்திருந்து பூஜ்யம் போட்டாள். இரண்டாவது படம். எட்டுக் கட்டை, ஒரு ஓட்டை, பூஜ்யம்.

மூன்றாவது படம் மிகச் சுலபமானது. சிவப்பு நடுவில், சுற்றி வெள்ளை. பாப்பாவுக்கு நான்கு மாதம் எடுத்து முதன்முதலில் வந்த படம் அதுதான். அது வந்த மாலையில் அவள் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து பாயில் உட்கார்ந்து கட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இப்போது அதே படத்தின் நடுவில் சிவப்பு இல்லாமல் மேஜைப் பலகை தெரிந்தது. விநாடிக்காரர் குனிந்து வாட்சைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முள் சரியாகத் தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

பாப்பா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டல் தெரியாது, சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. அப்பாவின் முகம் தெரியும். அதை அளப்பதற்கு அந்த பீரோவில் பெட்டி எதுவும் கிடையாது.

"அப்பா அழாத" என்றாள். முஷ்டியைத் திறந்து கட்டையை எடுத்து நடுவில் வைத்தாள். "எனக்கு வேணாம். உனக்கும் வேணாம். இங்கயே இருக்கட்டும்."

வைத்துவிட்டு முதல் இரண்டு படங்களையும் தானே எடுத்து முன்னால் வைத்து, அதையும் ஓட்டையில்லாமல் அடுக்கினாள். மீதி ஏழு படத்துக்கும் அவள் அப்பாவுக்கென்று எதையும் எடுத்து வைக்கவில்லை. மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்து, நேர்மையானவள் ஆகையால், விழுந்ததை விழுந்தபடி எழுதினாள்; எண் ஐம்பதுக்குக் கீழே இறங்காது.

கடைசிப் படம் முடிந்தபோது விநாடிக்காரரின் கட்டைவிரல் பழக்கத்தில் தானாக வாட்சை அமுக்கியது. பதினோரு விநாடி. இதுவரை அவள் அவ்வளவு வேகமாக அடுக்கியதே இல்லை.

"சபாஷ் சொல்லுப்பா" என்றாள் பாப்பா.

சொன்னார்.